காலி செய்த வீட்டின் அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது எப்படி? தமிழ்நாட்டு வாடகைதாரருக்கு முழு வழிகாட்டி

“அடுத்த ஆள் வந்ததும் தந்துடறேன் சார்.” சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ வாடகை வீட்டைக் காலி செய்தவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். இதைச் சொல்கிற ஓனர் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் பேங்கில் அப்படியே கிடக்கவில்லை, மாடியில் இன்னொரு போர்ஷன் எழுப்பவோ பெண்ணின் கல்யாணத்துக்கோ என்றைக்கோ செலவாகிவிட்டது, உங்களுக்குத் திரும்ப வரவேண்டிய பணம் அடுத்துக் குடிவரப் போகிறவரிடம்தான் இருக்கிறது. அதனால் அட்வான்ஸ் வாங்குகிற வேலையைச் சாவி கொடுத்த பிறகு ஆரம்பித்தால் நேரம் கடந்துவிடும். காலி செய்யப் போகிறேன் என்று வாய் திறக்கிற அன்றே ஆரம்பிக்க வேண்டும். இங்கே சொல்வது தமிழ்நாட்டு வீடுகளுக்கு. பெங்களூரு, ஹைதராபாத்தில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு, ஆனால் முன்பாதியில் சொல்லியிருக்கிற நடைமுறை அங்கேயும் உதவும்.

சட்டத்தில் உங்களுக்கு என்ன இருக்கிறது

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 11-ஆம் பிரிவில் நமக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசியிருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. “பேசியிருந்தால் தவிர” என்ற அந்த ஓட்டை வழியாகத்தான் ஆறு மாதமும் பத்து மாதமும் இன்னும் உள்ளே வருகின்றன. இரண்டாவது, வாடகைதாரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தரவேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இந்த ஒரு மாதம்தான் கணக்கு. வீடு ஆறு மாதம் காலியாகக் கிடப்பது ஓனரின் பிரச்சினை, உங்களுடையது இல்லை.

இதே சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது, எந்த ரிப்பேர் யார் செலவு என்று. பெயிண்டிங் சண்டையில் உங்கள் பெரிய பலம் அதுதான். கணக்குப் பார்க்கிற இடத்தில் அதை விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் அக்ரிமென்டைத் தேடி எடுங்கள்

நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால் அக்ரிமென்டை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். கையெழுத்துப் போட்ட அன்று பாதிப்பேர் வாடகை, தேதி, அட்வான்ஸ் தொகை மூன்றையும் மட்டும்தான் பார்த்திருப்போம். இப்போது பார்க்க வேண்டியவை: எத்தனை நாள் முன்னறிவிப்பு (பெரும்பாலும் ஒரு மாதம், சிலதில் இரண்டு), பதினொரு மாதத்துக்குள் காலி செய்தால் அபராதம் உண்டா, பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வோம் என்று வரி இருக்கிறதா, அட்வான்ஸை எப்போது தருவதாக எழுதியிருக்கிறது.

அட்வான்ஸ் கொடுத்ததற்கு ஆதாரம் எங்கே என்பதையும் இப்போதே தேடி வையுங்கள். பேங்க் வழியாக அனுப்பியிருந்தால் அந்த மாத ஸ்டேட்மென்ட் போதும். ரொக்கமாகக் கொடுத்து, அக்ரிமென்டில் தொகை எழுதி ஓனர் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் நல்ல ஆதாரம்தான். பாதி பேங்கில், பாதி கையில் என்று கொடுத்து அக்ரிமென்டில் பாதியை மட்டும் எழுதியிருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் முழுத் தொகையைக் குறிப்பிட்டு ஒரு மெசேஜ் போட்டு, “ஆமாம்” என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். காலி செய்யும் பேச்சு வந்த பிறகு அந்த ஆமாம் வராது.

அக்ரிமென்டே இல்லையா? கைவிட வேண்டியதில்லை. மாதாமாதம் வாடகை போன ஜிபே பதிவு, உங்கள் முகவரி போட்ட கேஸ் பில், ஓனரோடு நடந்த சாட் எல்லாம் சேர்ந்து கதையைச் சொல்லும். கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

நண்பர்கள் சேர்ந்து எடுத்த வீடு என்றால் ஒரு சிக்கல் உண்டு. ஓனருக்குத் தெரிந்தவர் அக்ரிமென்டில் பெயர் உள்ளவர் மட்டும்தான். அவர் இரண்டு வருஷம் முன்பே வேலை மாறிப் போய்விட்டு, அவர் பங்கைப் புதிதாக வந்தவர் கொடுத்துச் சரிக்கட்டியிருந்தால், அட்வான்ஸ் யார் கணக்குக்கு வரவேண்டும் என்று பழைய நண்பரிடமிருந்து ஓனருக்கு ஒரு மெசேஜ் போகட்டும்.

நோட்டீஸ் எழுத்தில் போகட்டும்

மாடிப்படியில் பார்த்தபோது “அங்கிள், அடுத்த மாசம் காலி பண்றோம்” என்று சொன்னது நோட்டீஸ் ஆகாது. நேரில் சொல்லுங்கள், அது மரியாதை. அன்று மாலையே எழுத்திலும் அனுப்புங்கள். இந்த மாதிரி:

“வணக்கம் சார். முதல் மாடி வீட்டை வரும் மே 31 அன்று காலி செய்கிறோம். அக்ரிமென்ட்படி ஒரு மாத நோட்டீஸாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாத வாடகை வரை கட்டிவிடுவோம். நாங்கள் கொடுத்த அட்வான்ஸ் 1,80,000 ரூபாயைச் சாவி கொடுக்கிற அன்று என் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். கழிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் 20-ஆம் தேதிக்குள் வீட்டை வந்து பார்த்துச் சொல்லிவிடுங்கள்.”

காலி செய்யும் தேதி, முழு அட்வான்ஸ் தொகை, எந்த மாதம் வரை வாடகை, கழிவைச் சொல்ல ஒரு கெடு, நான்கும் இதில் இருக்கின்றன. ஓனர் பதிலுக்கு “சரிப்பா” என்று மட்டும் போட்டாலும் தொகையை அவர் மறுக்கவில்லை என்பது பதிவாகிவிடும். வீட்டைப் பார்த்துக்கொள்வது ஓனரின் மச்சினர், ஓனர் இருப்பது துபாயில் என்றால் இரண்டு பேருக்கும் அனுப்புங்கள்.

அட்வான்ஸில் இருந்தே கழித்துவிட முடியுமா?

என்னைக் கேட்டால், பெரிய தொகை அட்வான்ஸாகக் கொடுத்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஓனரிடம் நேரடியாகவே கேட்கலாம்: “சார், மொத்தமாகப் புரட்டித் தருவது உங்களுக்கும் கஷ்டம். கடைசி நான்கு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்களேன், மீதியை மட்டும் கடைசி நாள் தந்தால் போதும்.” கையில் ரொக்கம் இல்லாத ஓனருக்கு இது நிம்மதி. நிறையப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

ஆனால் அவர் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். அவரிடம் கேட்காமல் நீங்களாக வாடகையை நிறுத்தினால் கதை மாறிவிடும். இரண்டு மாத வாடகை பாக்கி என்பது சட்டப்படி வெளியேற்றக் கேட்பதற்கு ஒரு காரணம். அதைவிட முக்கியம், அதுவரை அவர் தரவேண்டியவராக இருந்தார், இப்போது நீங்கள் தரவேண்டியவராகிவிடுவீர்கள்.

ஓனரிடம் நிஜமாகவே பணம் இல்லை என்று தெரிந்தால் அடுத்த ஆளைத் தேட உதவி செய்யுங்கள். டு-லெட் போர்டு மாட்டட்டும், ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து விடுங்கள், ஆபீஸ் குரூப்பில் போட்டுவிடுங்கள். புதிதாக வருகிறவர் தன் அட்வான்ஸை நேராக உங்களுக்கே அனுப்புவதும் நடக்கிறது. அப்படிச் செய்தால் மூன்று பேரும் இருக்கிற ஒரு குரூப்பில் யார் யாருக்கு எவ்வளவு, எதற்கு என்று ஓனர் கையால் எழுதிய மெசேஜ் இருக்கட்டும்.

வீட்டைப் படம் எடுங்கள், நிதானமாக

சாமான்களை ஏற்றிய பிறகு, வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் வாசலில் இருந்து ஆரம்பித்து ஒரே நீளமான வீடியோவாக எடுங்கள். எல்லாக் குழாயையும் திறந்து மூடுங்கள், ஃபேன், லைட், கீசர் ஓடுவதைக் காட்டுங்கள், பாத்ரூம் டைல்ஸ், கிச்சன் மேடைக்கு அடியில், கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, கொசுவலை எதையும் விட வேண்டாம். ஏற்கெனவே இருந்த விரிசலும் ஓதம் ஏறிய சுவரும் தெளிவாக விழட்டும். குடிவந்த அன்று எடுத்த படங்கள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அப்போது எடுக்காதவர்கள், பழைய பிறந்தநாள், பண்டிகைப் படங்களின் பின்னணியில் சுவர் எப்படி இருந்தது என்று தேடிப் பாருங்கள், பல சமயம் கிடைக்கும்.

ஈபி மீட்டரையும் மறக்காமல் எடுங்கள். ரீடிங் எண்ணும் மீட்டர் நம்பரும் ஒரே படத்தில் வரவேண்டும்.

எடுத்ததை ஓனருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். உங்கள் போனில் மட்டும் இருக்கிற வீடியோவை விட, அன்றைய தேதியில் அவருக்குப் போய்ச்சேர்ந்த வீடியோவுக்குத்தான் மதிப்பு.

இப்போது கணக்கு: எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது

சட்டத்தின் அந்த அட்டவணைப்படி ஓனர் தலையில் வருபவை: கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங். வாடகைதாரர் தலையில் வருபவை: குழாயும் வாஷரும் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, டாய்லெட், வாஷ்பேசின், கீசர் ரிப்பேர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி போன்றவை.

இதைப் பார்த்ததும் பெயிண்டிங் கழிக்கவே கூடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் அதுதான் செல்லும் என்று சட்டமே இடம் விடுகிறது. அக்ரிமென்டில் “ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்கு” என்று இருந்து நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் அதைக் கொடுக்க வேண்டியதுதான். அப்படி வரி எதுவும் இல்லாமல் “சென்னையில் எல்லாரும் பிடிக்கிறதுதானே” என்றால், அது வெறும் பழக்கம், அதற்குச் சட்டத்தின் துணை கிடையாது.

சாதாரணத் தேய்மானத்துக்கும் சேதத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பேச்சு இழுக்கும். மூன்று வருஷத்தில் பெயிண்ட் மங்குவது, காலண்டர் ஆணி, ஸ்விட்ச் போர்டைச் சுற்றிக் கைபட்ட அழுக்கு எல்லாம் தேய்மானம். குழந்தை ஹால் சுவர் முழுக்க ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தது, ஏசி மாட்டச் சுவரைக் குடைந்தது, கிரானைட் மேடை உடைந்தது சேதம். இரண்டாவது வகையில் உங்கள் வீட்டில் ஏதாவது இருந்தால் முந்திக்கொண்டு நீங்களே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுங்கள். ஓனர் சொல்கிற விலைக்கும் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் வாங்குகிற கூலிக்கும் இடைவெளி அதிகம்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். வாடகை 18,000, அட்வான்ஸ் 1,80,000, மூன்று வருஷம் இருந்தீர்கள், அக்ரிமென்டில் பெயிண்டிங் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஓனர் நீட்டுகிற பட்டியல்: பெயிண்டிங் 18,000, ஈபி பாக்கி 2,400, கீசர் ரிப்பேர் 1,600, பாத்ரூம் சுவருக்குள் குழாய் கசிவு 6,500, வீடு சுத்தம் செய்ய 4,000, ஹாலில் ஆணி ஓட்டைகள் 3,000. மொத்தம் 35,500. கையில் வருவது 1,44,500.

இதில் ஈபியும் கீசரும் நியாயம், 4,000 ரூபாய். சுவருக்குள் இருக்கிற குழாய் ஓனர் செலவு. பெயிண்டிங்கும் அப்படியே. சுத்தம் செய்து வீடியோ எடுத்திருக்கிறீர்கள், அதனால் அந்த 4,000 கிடையாது. ஆணி ஓட்டைக்கு, சண்டை வேண்டாம் என்று 1,000 விட்டுக்கொடுக்கலாம். உங்கள் கணக்குப்படி கழிவு 5,000, வரவேண்டியது 1,75,000. இதை அப்படியே வரி வரியாக எழுதி அனுப்புங்கள். அவர் பெயிண்டிங்கைப் பிடித்துக்கொண்டே நின்று, கடைசியில் 1,65,000 தருகிறேன், இன்றைக்கே தருகிறேன் என்றால்? நான் வாங்கிக்கொள்வேன். பத்தாயிரத்துக்காக ஒரு வருஷம் அலைவதில் லாபம் இல்லை. அதையே அவர் “அடுத்த மாசம்” என்று சொன்னால் ஒரு ரூபாய் கூட இறங்க மாட்டேன், ஏனென்றால் தள்ளுபடி உடனே கொடுப்பதற்குத்தான்.

ஈபி கணக்கில் ஒரு நுணுக்கம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங், முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், அதற்கு மேல் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். நீங்கள் நடுவில் காலி செய்தால் அந்த பில் முழுதாக வரும்போது உங்கள் யூனிட்டும் அடுத்தவர் யூனிட்டும் சேர்ந்து மேல் அடுக்குக்குப் போய்விடும். அதனால் கடைசி பில்லில் இருந்த ரீடிங்குக்கும் காலி செய்த நாள் ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அந்த யூனிட்டுக்கு மட்டும் எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். “பில் வந்ததும் பார்க்கலாம்” என்று விட்டால் அட்வான்ஸும் அதோடு சேர்ந்து நின்றுவிடும். சொத்து வரி உங்களுடையது இல்லை. அபார்ட்மென்ட் என்றால் மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை என்று அசோசியேஷனிடம் ஒரு மெசேஜ் வாங்கி வையுங்கள்.

சாவி கொடுக்கிற நாள்

பணமும் சாவியும் ஒரே நேரத்தில் கைமாறுவது நல்லது. நடைமுறையில் அதைக் கெடுப்பது பல சமயம் ஒரு சின்ன விஷயம்: “ஜிபே லிமிட் முடிஞ்சுபோச்சு, மீதி நாளைக்கு.” யுபிஐயில் சாதாரணமாக ஒரு நாளுக்கு ஒரு லட்சம்தான் போகும் என்பது உண்மைதான். அதனால் மூன்று நாள் முன்பே உங்கள் அக்கவுண்ட் நம்பரையும் ஐஎஃப்எஸ்சி கோடையும் கொடுத்து, நெட் பேங்கிங்கில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். நெஃப்ட் இப்போது ஞாயிறு, இரவு எல்லா நேரமும் ஓடுகிறது. வயதானவர், பேங்குக்குப் போய்த்தான் அனுப்புவார் என்றால் சாவி கொடுக்கிற நாளை வேலை நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கணக்கில் ஏறுவதற்கு முன் “அட்வான்ஸ் முழுவதும் பெற்றுக்கொண்டேன்” என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஓனர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

பணம் தரவில்லை, ஆனால் சாவி கேட்கிறார். இங்கேதான் பலர் சாவியைப் பிடித்துவைத்துக்கொள்கிறார்கள். அது இரண்டு பக்கமும் வெட்டும். சொன்ன தேதிக்கு மேல் வீட்டை ஒப்படைக்காமல் வைத்திருந்தால் இருமடங்கு வாடகை கேட்க அவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு மாதக் கெடு ஓட ஆரம்பிப்பதும் நீங்கள் காலி செய்த பிறகுதான். இரண்டு மூன்று நாள் பேச்சுவார்த்தைக்காக வைத்திருப்பது வேறு, மாதக்கணக்கில் வைத்திருப்பது வேறு. நான் சொல்வது: சாவியைக் கொடுங்கள், ஆனால் எழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில், “இன்ன தேதியில் வீட்டையும் இத்தனை சாவிகளையும் பெற்றுக்கொண்டேன், அட்வான்ஸ் பாக்கி 1,75,000 ரூபாயை இன்ன தேதிக்குள் தருகிறேன்” என்று அவர் கையெழுத்து. தாளில் எழுத மறுத்தால் வாட்ஸ்அப்பில்.

அதோடு, அந்தத் தேதி போட்ட ஒரு செக் கேளுங்கள். செக்குக்கு இருக்கிற பலம் வாய்வார்த்தைக்கு இல்லை. செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பேங்கில் போட வேண்டும். பணமில்லாமல் திரும்பினால், பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் அவர் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். அது கிரிமினல் வழக்கு, இரண்டு வருஷம் வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இந்தக் கெடுக்களில் ஒன்று தவறினாலும் அந்த வழி அடைபடும், அதனால் செக் திரும்பிய அன்றே வக்கீலைப் பாருங்கள்.

ஒரு மாதம் ஆகிவிட்டது, பணம் வரவில்லை

போனில் கத்துவதால் ஒன்றும் ஆகாது. போனில் பேசுங்கள், பேசி முடித்ததும் “இன்று நீங்கள் சொன்னபடி 15-ஆம் தேதி 50,000, மாதக் கடைசியில் மீதி, சரிதானே சார்?” என்று மெசேஜ் போடுங்கள். தவணையாகத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளலாம், முதல் தவணை உடனே வருகிறதா என்பதுதான் அவர் மனசைக் காட்டும். இந்த சாட்டை அழிக்காதீர்கள், போன் மாற்றினால் கவனமாகப் பேக்கப் எடுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி இதைக் கோர்ட்டில் சான்றிதழோடு தாக்கல் செய்யலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். காலி செய்த தேதி, அட்வான்ஸ் தொகை, ஒத்துக்கொண்ட கழிவு, பாக்கி, 2017 சட்டத்தின் 11-ஆம் பிரிவில் சொன்ன ஒரு மாதம் முடிந்துவிட்டது, 15 நாளில் தரவும், இவ்வளவு போதும். தபாலில் அனுப்புங்கள். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது, அதனால் ஸ்பீட் போஸ்ட் கவுண்டரில் பதிவோடும் டெலிவரி ஆனதற்கான சான்றோடும் வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். ரசீது, கடித நகல், டிராக்கிங் பக்கம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். அவர் வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் அந்தக் கவரைப் பிரிக்காமல் வையுங்கள், மறுத்ததும் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

அடுத்தது வக்கீல் நோட்டீஸ். விஷயமெல்லாம் அதேதான், ஆனால் வக்கீலின் பெயர் அச்சடித்த தாள் வீட்டுக்கு வந்ததும் வீட்டம்மா படிப்பார், மகன் படிப்பார், பேச்சின் தொனி மாறும். வட்டியும் செலவும் சேர்த்துக் கேளுங்கள். பதில் நோட்டீஸ் வந்தால் அதில் திடீரென்று உடைந்த கதவு, காணாமல்போன ஃபேன் என்று புதுப் பட்டியல் இருக்கும், பயப்பட வேண்டாம். அன்றைக்கு அனுப்பிய வீடியோ அதற்குத்தான்.

போலீஸ், நுகர்வோர் மன்றம்

போலீஸ் ஸ்டேஷனில் இது சிவில் விவகாரம் என்றுதான் சொல்வார்கள், அது சரியும்கூட. ஆனால் நீங்கள் இருக்கும்போதே சாமான்களை வெளியே எறிவது, மிரட்டுவது, கரன்ட்டையோ தண்ணீரையோ நிறுத்துவது நடந்தால் தயங்காமல் புகார் கொடுத்து, அது பதிவானதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். நுகர்வோர் மன்றம் சாதாரண வீட்டு வாடகைக்குப் பொருந்தாது, சாப்பாடு, துப்புரவு என்று சேவையோடு நடத்துகிற பிஜி, ஹாஸ்டல் டெபாசிட்டுக்கு முயலலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆரம்பிக்கலாம். ஓனர் பெயரையும் போட்டோவையும் ஃபேஸ்புக்கில் போடுவது, நாலு பேரை அழைத்துக்கொண்டு வாசலில் நிற்பது இரண்டும் வேண்டாம், அது அவர் கையில் ஒரு புகாரைக் கொடுக்கும்.

லோக் அதாலத், வாடகை அதிகாரி, கோர்ட்

லோக் அதாலத், அதாவது சமரச மக்கள் நீதிமன்றத்தைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால், வழக்குப் போடுவதற்கு முன்னாலேயே ஓனருக்கு நோட்டீஸ் அனுப்பிப் பேச்சுக்குக் கூப்பிடுவார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு பேரும் ஒத்துப்போய் எழுதிக் கையெழுத்திட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. குறை ஒன்றுதான், ஓனர் வர வேண்டும், ஒத்துக்கொள்ள வேண்டும். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீலும் இங்கே கிடைப்பார். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

உங்கள் ஒப்பந்தம் 2017 சட்டப்படி அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் பதிவாகி எண் வாங்கியிருந்தால், துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியும் அதற்கு மேலே வாடகை நீதிமன்றமும் இருக்கின்றன, வக்கீலோடு அந்த வழியைப் பாருங்கள். பதினொரு மாதம்தானே, பதிவு வேண்டாம் என்று பத்திரத்தாளில் எழுதி முடித்தவர்களே அதிகம். புதிய சட்டம் பதினொரு மாதத்துக்கு விலக்குத் தரவில்லை, இருந்தாலும் நிஜ நிலவரம் அதுதான். அவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது சிவில் கோர்ட்டில் பண வசூல் வழக்கு. கோர்ட் கட்டணம் கேட்கிற தொகையில் சுமார் 3 சதவீதம், 1,75,000-க்கு ஐயாயிரத்துச் சொச்சம், நடுவில் சமரசம் ஆனால் அதையும் திரும்ப வாங்கலாம். பணம் தரவேண்டிய தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். “தரேன் தரேன்” என்று இழுக்கிற ஓனரிடம் இரண்டரை வருஷம் காத்திருந்தவர்கள் இதைக் கவனிக்கவும்.

வீட்டை நடுவில் விற்றுவிட்டால், அட்வான்ஸை யார் தருவது என்று பழைய ஓனர், புது ஓனர் இருவரிடமும் எழுதி வாங்குங்கள், நோட்டீஸும் இருவருக்கும் போகட்டும். ஓனர் இறந்துவிட்டால் வாரிசுகளுக்கு. மாத வாடகை இல்லாமல் மொத்தமாகப் பல லட்சம் கொடுத்துப் போக்கியத்துக்கு இருப்பவர்களுக்கு மட்டும் நான் சொன்ன சாவி ஆலோசனை பொருந்தாது. முழுத் தொகையும் கணக்கில் ஏறாமல் வீட்டை விட்டு இறங்குவதாக இருந்தால், அதற்கு முன் வக்கீலைக் கேளுங்கள்.

தீர்ப்பு வந்தும் பணம் வராமல் இருப்பதுண்டு. அப்போது அதே கோர்ட்டில் நிறைவேற்று மனு போட வேண்டும். அவருடைய பேங்க் கணக்கை முடக்கக் கேட்கலாம். நீங்கள் காலி செய்த அந்த வீட்டில் இப்போது இருக்கிற வாடகைதாரர் மாதாமாதம் கட்டுகிற வாடகையை ஓனரிடம் கொடுக்காமல் கோர்ட்டில் கட்டும்படி உத்தரவும் கேட்கலாம். மனுவில் அந்த வீட்டு முகவரியைச் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் ஞாபகப்படுத்துங்கள்.